தோட்டத்தைப் பாக்க ஊருக்குத் திரும்பறீங்களா? முதல்ல பீரோவைத் தொறங்க

வருசத்துக்கு நாலஞ்சு பேராவது எங்கிட்ட இதையே கேக்கறாங்க. "அக்கா, வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்தரலாம்னு இருக்கோம், அஞ்சு ஏக்கர் இருக்குது, அப்பாவுக்கு முன்ன மாதிரி முடியறதில்ல, எதுல ஆரம்பிக்கறது?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல முக்கா மணி நேரம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுன்னுதான் இப்ப எழுதியே போட்டுட்டேன்.

நான் யாருன்னு ஒரு வரி. 2011-ல கல்யாணம் ஆகி கோபிச்செட்டிபாளையம் பக்கம் வந்தேன், அதுக்கு முன்னாடி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ். வந்த புதுசுல மஞ்சள் செடியக் காட்டி இது என்ன வாழைக்கன்னான்னு கேட்ட ஆளு நான், இன்னைக்கும் அத்தை (மாமியார்) அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. இப்ப அஞ்சரை ஏக்கர்: தென்னை ரெண்டு, மஞ்சள் ஒன்னரை, மீதி ரெண்டுல தீவனமும் சின்ன வெங்காயமும், கட்டுத்தரைல (மாடு கட்டற இடம்) நாலு கறவை. மாமா (மாமனார்), அத்தை, வீட்டுக்காரரு, நான், நாலு பேரும் பாக்கறோம். எங்க பக்கத்துப் பண்ணையத்தை வச்சுத்தான் எழுதறேன், டெல்டாக்காரங்களும் தேனிக்காரங்களும் பயிரை மாத்திப் படிச்சுக்கோங்க, காகிதமும் கணக்கும் எல்லா ஊருக்கும் ஒன்னுதான்.

1. பீரோ

மண்வெட்டி, டிராக்டர், நர்சரி எல்லாம் அப்புறம். முதல் வாரம் அப்பாவோட பீரோவையும் அந்தத் தகரப் பெட்டியையும் தொறந்து, இருக்கற காகிதம் பூராத்தையும் பாய் போட்டுப் பரப்பி வைங்க.

பாக்க வேண்டியது இது: பட்டா யார் பேர்ல இருக்கு. நூத்துக்கு எண்பது வீட்டுல அது அப்பாரு (தாத்தா) பேர்ல இருக்கும், இல்லைன்னா அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் சேந்த கூட்டுப் பட்டாவா இருக்கும் (எண்பதுங்கறது என் கண் கணக்கு, சர்வே எடுத்ததில்ல). பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) மூணும் வருவாய்த்துறை இணையதளத்துலயே எடுத்துக்கலாம், வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்துல, அடங்கலுக்கு (எந்த நிலத்துல என்ன பயிருன்னு எழுதற கணக்கு) கிராம நிர்வாக அலுவலரைப் பாக்கணும். பட்டால பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸ்ல போட்டிருக்கும், பயப்படாதீங்க, ஒரு ஏக்கர்னா கிட்டத்தட்ட 40.5 ஏர்ஸ், ஒரு ஏர்ஸ்னா ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. பத்திரத்துல இருக்கற பரப்பும் பட்டால இருக்கறதும் அனுபவத்துல வேலிக்குள்ள இருக்கறதும் மூணும் ஒன்னா இருந்தா நீங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணவங்க.

அடுத்தது யாருமே கேக்காத மூணு. கிணறு தனியா, பங்கா? பங்குன்னா எத்தன பங்கு, முறை எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, அது பத்திரத்துல எழுதியிருக்கா, இல்ல வாய்ப் பேச்சா? வண்டித்தடம் எந்தப் பக்கம் வருது, அது பத்திரத்துல இருக்கா? கரண்ட் சர்வீஸ் யார் பேர்ல? தமிழ்நாட்டுல விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990-ல இருந்து வருது, அதனால பில்லே வராது, பில்லே வராததால அது யார் பேர்ல ஓடுதுன்னு யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. எங்களுது மாமாவோட பெரியப்பா பேர்ல இருந்துச்சு, அவர் போய் இருபது வருசம். மோட்டாரை அஞ்சு ஹெச்பில இருந்து ஏழரைக்கு மாத்தலாம்னு போனப்பதான் தெரிஞ்சுது, அவரோட வாரிசு அத்தன பேருகிட்டயும் கையெழுத்து, அதுல ஒருத்தர் பெங்களூர், ஒருத்தர் பேச்சுவார்த்தையே இல்லாதவரு. எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசத்துல வெயில் காலம் வேற.

பட்டா உங்க அப்பா பேர்லயோ உங்க பேர்லயோ வந்தாத்தான் மத்ததெல்லாம் நகரும். பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், சிறு குறு விவசாயி சான்று, விவசாயிகளுக்கான தனி அடையாள எண், எல்லாத்துக்கும் அடிப்படை அதுதான். வருசம் 6,000 ரூபா வர்ற பிஎம் கிசான் கூட 2019 பிப்ரவரி 1-ந் தேதி யார் பேர்ல நிலம் இருந்துச்சுன்னுதான் பாக்குது, அதுக்கப்புறம் இறந்தவங்ககிட்ட இருந்து வாரிசா வந்ததுக்கு மட்டும் விதிவிலக்கு. போன வருசம் வரைக்கும் ஐடி கம்பெனில இருந்து வருமான வரி கட்டினவங்களுக்கு அது கிடையாது, அதனால அதை உங்க பட்ஜெட்ல எழுதாதீங்க.

2. வீட்டுல உக்காந்து பேசறது

இதை எல்லாரும் தாண்டிப் போயிருவாங்க. கூட்டுப் பண்ணையம் கெட்டுப் போற இடமே இதுதான், பூச்சி கூட ரெண்டாவதுதான்.

முதல்ல கூடப் பொறந்த பொண்ணுங்க பங்கு. 1989-ல தமிழ்நாடு சட்டம், 2005-ல மத்திய சட்டம், 2020-ல உச்ச நீதிமன்றம் பொண்ணுக்குப் பிறப்பாலயே உரிமைன்னு தெளிவாவே சொல்லியாச்சு. "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே"ன்னு பேசறது திண்ணைல செல்லும், பத்திர ஆபீஸ்ல செல்லாது. நீங்க பத்து லட்சம் போட்டு போர் ஓட்டி, கம்பி வேலி போட்டு, தென்னை வச்சு அது காய்க்கறப்ப அக்காவோ தங்கச்சியோ பங்கு கேட்டா தப்பு அவங்க மேல இல்ல. செலவு பண்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டு வச்சுப் பேசுங்க, வேணாம்னு சொன்னா விடுதலைப் பத்திரம், வேணும்னா பாகப்பிரிவினை, இல்ல அவங்க பங்கையும் நீங்களே உழுது குத்தகை குடுக்கறீங்களா, அதையும் எழுதுங்க. எங்க நாத்தனார் பங்கு அரை ஏக்கர் எங்ககிட்டயே இருக்கு, வருசா வருசம் மஞ்சள் வித்ததும் குத்தகைப் பணம் அவங்க அக்கவுண்ட்டுக்குப் போகும். பொங்கலுக்கு வந்தா சிரிச்ச முகமா வர்றாங்க, அதுக்கு அது சீப்புத்தான்.

ரெண்டாவது, யார் முடிவு பண்றது. மாமா நாப்பது வருசமா பண்ணவரு, நீங்க யூடியூப் பாத்துட்டு வந்தவங்க. மொத்தக் காட்டையும் உங்க இஷ்டத்துக்கு மாத்தறேன்னு நின்னா சண்டைதான். எங்க வீட்டுல நாங்க பண்ணது, அரை ஏக்கரை வீட்டுக்காரருக்குன்னு பிரிச்சு விட்டாங்க, அதுல அவர் என்ன வேணா பண்ணிக்கலாம், மாமா எட்டிப் பாக்கக் கூடாது (பாத்தாரு, வேலி ஓரமா நின்னு பாத்தாரு). மீதி அஞ்சுல மாமா சொல்றதுதான். மூணாவது வருசம் அந்த அரை ஏக்கர்ல மேட்டுப்பாத்தி போட்டு சொட்டுநீர்ல வச்ச மஞ்சள் நல்லா வந்ததும் மாமாவே வந்து "அந்த டியூபு எத்தன ரூபாய்யா"ன்னு கேட்டாரு. வாதாடி ஜெயிச்சிருக்கவே முடியாது.

மூணாவது, இதைப் பொம்பளைங்க சார்பா சொல்றேன். மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போடறது, சாணி வழிக்கறது, கறக்கறது எல்லாம் அத்தையும் நானும், ஆனா பால் சொசைட்டி கார்டு மட்டும் மாமா பேர்ல இருந்துச்சு. இப்ப பால் காசு அத்தை அக்கவுண்ட்டுக்கு வருது. அதே மாதிரி வேலைய விட்டுட்டு வர்ற பையனுக்கும் மருமகளுக்கும் மாசம் ஒரு தொகை, அஞ்சாயிரமோ எட்டாயிரமோ, சம்பளமாவே எடுத்துக்கணும். அப்பாகிட்ட பெட்ரோலுக்குக் காசு கேட்டு நிக்கற நாப்பது வயசு ஆம்பளை ஒரு வருசத்துக்கு மேல ஊர்ல தாக்குப் பிடிக்கமாட்டாரு, நான் மூணு பேரைப் பாத்துட்டேன், மூணு பேரும் திரும்பக் கோயமுத்தூர்.

3. ஒரு நோட்டு, ஒரு பேங்க் அக்கவுண்ட்

மாமா கணக்கு எழுதினது தினசரி காலண்டர் கிழிச்ச தாளு பின்னாடி. "உரம் 2, ஆளு 6, ராசு கிட்ட வாங்குனது 3". எந்த வருசம்னே இருக்காது. நான் வந்ததும் உரக்கடைல குடுத்த டைரி ஒன்ன எடுத்து எழுத ஆரம்பிச்சேன், இன்னைக்கும் டைரிதான், ஆப் எல்லாம் ரெண்டு மாசம் வச்சுப் பாத்து விட்டுட்டேன், சாணிக் கையோட போனைத் தொட முடியல.

தோட்டத்துக்குன்னு தனி அக்கவுண்ட் ஒன்னு வேணும், வீட்டு மளிகை அதுல போகக் கூடாது. நோட்டுல பயிர் வாரியா பக்கம் பிரிங்க, தேதி, வேலை, எத்தன ஆளு, எவ்ளோ கூலி. இதுல ஒன்னு கட்டாயம் பண்ணுங்க, உங்க வீட்டு ஆளுங்க வேலையையும் கூலி போட்டே எழுதுங்க. காசு குடுக்காட்டியும் எழுதுங்க. அப்பதான் தெரியும் லாபம்னு நெனச்சது லாபமா இல்ல அப்பாவோட முதுகு வலியான்னு.

4. காசு எப்ப வரும்: இதைத்தான் நல்லாப் படிக்கணும்

சம்பளக்காரங்க விவசாயத்துக்கு வந்து தடுமாறுறது விளைச்சல்ல இல்ல, ஒன்னாந்தேதில. பயிருக்கு ஒன்னாந்தேதி கிடையாது. மஞ்சளை வைகாசில ஊனுனா பணத்தைப் பாக்க அடுத்த மாசி பங்குனி ஆயிரும், ஒன்பது மாசப் பயிரு, அப்புறம் வேக வைக்கறது, காய வைக்கறது, பாலிஷ் போடறது. அதுவரைக்கும் ஸ்கூல் பீஸை யார் கட்டறது? அதனால தோட்டத்தைப் பயிரா பாக்காதீங்க, பணம் வர்ற இடைவெளியா பாருங்க. பத்து நாளைக்கு ஒன்னு, ரெண்டு மாசத்துக்கு ஒன்னு, வருசத்துக்கு ஒன்னு.

பத்து நாள் காசு பாலு. எங்க சொசைட்டில பத்து நாளைக்கு ஒரு பில்லு போடுவாங்க. ஆவின்ல பசும்பாலுக்கு 2022 நவம்பர்ல லிட்டருக்கு 35 ஆக்கினாங்க, 2023 டிசம்பர்ல ஊக்கத்தொகை 3 சேத்து 38 ஆச்சு, அதுவும் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மீதிச் சத்து) சரியா நின்னாத்தான். ஒரு கலப்பின மாட்டோட கணக்கு போட்டுக் காட்டறேன், இதை யாரும் போட்டுக் காட்டமாட்டாங்க. கன்னுக்கும் அடுத்த கன்னுக்கும் இடைல 400 நாள்னு வைங்க, அதுல 300 நாள் கறக்கும். கன்னு போட்ட புதுசுல பன்னெண்டு லிட்டர், கடைசில நாலு, சராசரி 8. ஆக 2,400 லிட்டர், 38 ரூபான்னா 91,200. அடர்தீவனம் உடம்புக்கு ஒரு கிலோ, அப்புறம் ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, அப்படிப் பாத்தா கறக்கற 300 நாளைக்கு 1,260 கிலோ, வத்தின 100 நாளைக்கு ரெண்டு கிலோ வீதம் 200, மொத்தம் 1,460 கிலோ. கிலோ 30-னு போட்டா 43,800. பசும்புல்லு சொந்தமாப் போட்டாலும் காஞ்ச சோளத்தட்டு வாங்கறதும் சேத்து நாளைக்கு 50, அது 20,000. ஊசி, மருந்து, சினைக்கு எல்லாம் 5,000. மிச்சம் 22,400. நானூறு நாளால வகுத்தா மாட்டுக்கு ஒரு நாளைக்கு 56 ரூபா. நாலு மாடுன்னா 224 ரூபா. காலைல நாலரைக்கு எந்திரிக்கறதுக்கு.

அப்ப எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கேப்பீங்க. எருவுக்கு. நாலு மாட்டுச் சாணி இல்லைன்னா மஞ்சளுக்கு எரு வெளியில டிராக்டர் கணக்குல வாங்கணும், அது இப்ப கெடைக்கறதே குதிரைக் கொம்பு. அப்புறம் அந்தப் பத்து நாள் பில்லுதான் மளிகை, கரண்ட், பெட்ரோல், கூலி ஆளுக்கு சனிக்கிழமை குடுக்கறது எல்லாத்தையும் ஓட்டுது. மாட்டை லாபமாப் பாத்தா நட்டம், சில்லறையாப் பாத்தா லாபம். அதனால கடன் வாங்கிப் பத்து மாட்டோட பண்ணை போடறேன்னு யாராச்சும் சொன்னா நான் இந்தக் கணக்கைத்தான் நீட்டுவேன். முதல் வருசம் ரெண்டு மாடு போதும். ரெண்டாவது ஈத்து, மூணாவது ஈத்து (கன்னு போட்ட தடவ) மாடா, காலைலயும் சாயந்தரமும் ரெண்டு கறவையும் நீங்களே நின்னு பாத்து வாங்குங்க, சந்தைல ஒரு கறவைய விட்டுட்டு மடி முட்ட நிறுத்தி வச்சிருப்பாங்க. சினைப் பருவம் 21 நாளைக்கு ஒருக்கா வரும், ஒன்ன தவற விட்டா 21 நாள் தீவனம் தண்டம், காலைல கத்துனா சாயந்தரம் சினை ஊசி, சாயந்தரம் கத்துனா மறுநாள் காலைல. இந்தத் தேதிய எல்லாம் கட்டுத்தரைச் செவுத்துலயே கரிக்கட்டைல எழுதி வச்சிருவோம். கோமாரித் தடுப்பூசி முகாம் வந்தா எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டுப் போங்க. மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடுங்க, காது கம்மலை (காதுல மாட்டற நம்பர் போட்ட தோடு) தொலைச்சுராதீங்க, கம்மல் இல்லைன்னா கிளெய்ம் இல்ல.

ரெண்டு மாசக் காசு தேங்கா. இருபத்தஞ்சு அடிக்கு இருபத்தஞ்சு அடின்னா ஏக்கருக்கு 70 மரம். நல்லாத் தண்ணி பாய்ஞ்சு எரு கெடச்சா மரத்துக்கு வருசம் 80 காய்க்கு மேல வரும், 45 நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள ஒரு வெட்டு. வியாபாரிகிட்ட பேசறப்ப விலைய மட்டும் பேசாதீங்க, லாபக்காய் (எண்ணிக்கைக்கு மேல வியாபாரிக்கு இனாமா விடற காய்) எத்தன, வெட்டுக்கூலி யாருது, சின்னக் காய் கழிவு எப்படி, எடையா எண்ணிக்கையா, நாலையும் பேசி முடிச்சுட்டுத்தான் கத்திய மரத்துக்கு ஏத்தணும். விலை ரெண்டு ரூபா கூட்டிச் சொல்லிட்டு லாபக்காய்ல அதை எடுத்துருவாங்க. இளநீரா விடலாமான்னா அதுவும் பண்ணலாம், ஆனா நெட்டை மரத்துல இளநீர் வெட்டினா ஆள் கூலி கூட. 2025-ல தேங்கா விலை ஏறினப்ப எங்க ஊர்ல பாதிப் பேரு கன்னுக்காக நர்சரிக்கு ஓடினாங்க. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருசம் ஆகும், அன்னைக்கு என்ன விலை இருக்கும்னு சொல்றவங்க இருந்தா எனக்கும் அறிமுகப்படுத்துங்க. வெள்ளை ஈ வேற 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் வந்தது இன்னும் போன பாடில்ல, அதுக்கு மருந்தா அடிச்சுத் தள்ளாதீங்க, அடிச்சா அதைத் திங்கற நல்ல பூச்சியும் செத்துரும், மஞ்சள் கலர்ல பசை தடவின ஒட்டுப்பொறியும் தண்ணிய வேகமாப் பீச்சி ஓலைக்கு அடிக்கறதும் போதும்.

வருசக் காசு மஞ்சள். ஏக்கருக்கு விதைக்கிழங்கு 800-ல இருந்து 1,000 கிலோ, விதைக்கே ஒரு பெரிய தொகை போயிரும். நல்லா வந்தா ஈரத்துல பத்துப் பன்னெண்டு டன்னு, காஞ்சா அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது இருபது குவிண்டாலுக்குக் கொஞ்சம் மேல. ஊடுபயிரா சின்ன வெங்காயம் போட்டுருங்க, எழுவது நாள்ல அது கைக்கு வந்துரும், களைவெட்டுக் கூலிய அதுவே குடுத்துரும். போன வருசம் மஞ்சள் இருந்த காட்டுலயே இந்த வருசமும் போடாதீங்க, கிழங்கு அழுகல் வந்துச்சுன்னா வாசத்துலயே தெரியும், அன்னைக்கு அத்தை சாப்பிடவே மாட்டாங்க.

விலை இருக்கே, அதுதான் ஆளக் கொல்லும். 2010 கடைசில குவிண்டால் 15,000-ஐத் தாண்டுச்சு, 2012-ல 4,000 பக்கம் வந்து நின்னுச்சு. நான் வீட்டுக்குள்ள வலது கால் வச்சு வந்த நேரம் அது. மாமா இன்னும் ஏறும் ஏறும்னு அறுவத்தஞ்சு மூட்டைய ரூம்ல அடுக்கி வச்சிருந்தாரு, அந்த மூட்டை மேலதான் எங்க கல்யாணத்துக்கு வந்த ஜமுக்காளமெல்லாம் கெடந்துச்சு. வண்டு விழுந்து, மருந்து வச்சு, கடைசில வந்த விலைக்கு வித்தோம். அதுல இருந்து எங்க வீட்டுச் சட்டம் இது: வந்த மஞ்சள்ல மூணுல ஒன்ன உடனே வித்து அந்த வருசச் செலவையும் கடனையும் கட்டிரணும், ஒன்ன ஆடி ஆவணில, ஒன்ன மட்டும் இருப்பு வச்சு ஆட்டம் ஆடலாம். உச்ச விலைல எல்லாத்தையும் வித்த பெருமை எங்களுக்கு எப்பவும் கெடைக்காது, பரவால்ல.

5. விக்கறது

மஞ்சளுக்கு ஈரோடு, பெருந்துறை, கோபின்னு இடம் இருக்கு: ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், கூட்டுறவு சங்கம், தனியார் மண்டி. ஒழுங்குமுறைக் கூடத்துல மார்க்கெட் செஸ் ஒரு சதவீதம், அதை வாங்கறவங்கதான் கட்டணும், நம்மகிட்ட கமிஷன் கிடையாது. விலை இல்லைன்னா அங்கயே குடோன்ல வச்சு பொருளீட்டுக் கடன் வாங்கலாம், மதிப்புல 75 சதவீதம் வரைக்கும், அதுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு, வட்டி 5 சதவீதம். வீட்டு ரூம்ல அடுக்கி வச்சு வண்டு வளக்கறதுக்கு இது எவ்ளவோ மேல். விரலி (விரல் மாதிரி நீளமா இருக்கறது) தனி, கிழங்கு (குண்டா இருக்கற தாய்க்கிழங்கு) தனியாப் பிரிச்சுக் கொண்டு போங்க, கலந்து போனா கிழங்கு விலைக்கே பேசுவாங்க. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, ஆனா அதனால மூட்டைக்கு இவ்ளோ கூட வருதுன்னு என் டைரில எழுத எதுவும் இல்ல.

காய்கறி போடறதா இருந்தா உழவர் சந்தை அட்டை வாங்கிருங்க. 1999-ல மதுரைல முதல்ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் சின்ன விவசாயிக்கு உருப்படியான ஏற்பாடு. மண்டிக்குப் போனா கமிஷன், சுமைக்கூலி, வாடகை எல்லாம் கழிச்சு சீட்டுல என்ன மிஞ்சுதோ அதுதான். உழவர் சந்தைல நின்னா முழுசாக் கைக்கு வரும், ஆனா விடிகாலை மூணு மணிக்கு வண்டி ஏத்த வீட்டுல ஒரு ஆளு வேணும். எங்ககிட்ட அந்த ஆளு இல்ல, அதனால வெங்காயம் மட்டும் பண்றோம்.

மஞ்சள் பொடி அரைச்சு பாக்கெட் போட்டு இன்ஸ்டால விக்கறது பத்தியும் கேப்பாங்க. பண்ணுங்க, நானும் வருசம் நூறு கிலோ பண்றேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கணும், அது முக்கியம். ஆனா இருபது குவிண்டாலையும் கால்கிலோ கால்கிலோவா கொரியர்ல விக்கறது தனித் தொழில், அது விவசாயம் இல்ல.

6. தண்ணியும் மண்ணும்

பவானிசாகர் அணைல இருந்து வர்ற கீழ்பவானி வாய்க்கா பாசனம்னா உங்க மதகு எந்த வரிசைன்னு தெரிஞ்சுக்கோங்க. 2,07,000 ஏக்கரைப் பாதி பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆகஸ்ட்ல இருந்து நெல்லுக்குத் தண்ணி, இன்னொரு பாதிக்குத் தை மாசத்துக்கு மேல கடலை எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு, அடுத்த வருசம் மாறும். இது தெரியாம நெல்லு விதை வாங்கி வச்சுட்டு வாய்க்கால எட்டிப் பாத்துட்டு நின்னவங்க உண்டு. வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா வேண்டாமான்னு நடந்த சண்டைல பாதி இந்தக் கசிவுத் தண்ணிதான், ஏன்னா வாய்க்காத் தண்ணி வர்ற மாசம் பக்கத்துக் கிணறெல்லாம் ஊறும்.

சொட்டுநீருக்கு அஞ்சு ஏக்கர் வரைக்கும் உள்ள சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75. அரசு நிர்ணயிச்ச விலை வரைக்கும்தான் அந்த நூறு, மேல ஆகறது நம்மது. தாசில்தார்கிட்ட சிறு குறு விவசாயி சான்று வாங்கணும், மறுபடி பட்டா, சிட்டா, அடங்கல், பீரோ. போட்ட பொறகு ஃபில்டரை வாரம் ஒருக்கா கழுவுங்க, எலிய என்ன பண்றதுன்னு மட்டும் இன்னும் எனக்குத் தெரியல.

மண் பரிசோதனைக்கு வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்துப் பதினஞ்சு இடத்துல ஆறு அங்குலத்துக்கு ஆங்கில வி மாதிரி குழி எடுத்து அதோட ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து அரைக் கிலோ குடுத்தா போதும், வரப்பு ஓரம், எருக்குழி பக்கம், மரத்தடி எடுக்காதீங்க. கோபில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, பவானிசாகர்ல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய்க் கேட்டா நேரம் ஒதுக்கிச் சொல்லுவாங்க. உரக்கடைல கேக்கறதுக்கு முன்னாடி அங்க கேளுங்க. உரக்கடைக்காரர் கெட்டவர் இல்ல, ஆனா அவர் வைத்தியம் பண்ற டாக்டரும் மருந்து விக்கறவரும் கடன் குடுக்கறவரும் ஒரே ஆளு. யூரியா 45 கிலோ 266 ரூபா 50 காசு, டிஏபி 50 கிலோ 1,350, மூட்டைலயே போட்டிருக்கும், கூடவே ஏதாச்சும் டப்பாவை வாங்குனாத்தான் யூரியான்னு சொன்னா வேற கடை பாருங்க. நாங்க ஒரு கடைல மூணு வருசம் அப்படி வாங்குன டப்பா ஒரு வரிசை இன்னும் சாளைல (தோட்டத்துக் கொட்டகைல) இருக்கு.

7. கடன், காப்பீடு, வரி

கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் தவணை தவறாமக் கட்டினா தமிழ்நாட்டுல வட்டி இல்ல, இதை விட்டுட்டு நகைய வெளியில வைக்காதீங்க. பேங்க்ல கிசான் கார்டுன்னா 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், நாள் தவறாமக் கட்டினா 4-தான் விழும், 2025 ஜனவரில இருந்து 2 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது. தேதி மட்டும் தவறக் கூடாது, ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போச்சு. அந்தத் தேதி எங்க வீட்டுல சாமி காலண்டர்ல சிவப்புப் பேனால சுத்தியிருக்கும்.

பயிர்க் காப்பீடு நெல்லு மாதிரி காரிஃப் (மழைக்காலப்) பயிருக்கு 2 சதவீதம், ரபிக்கு (குளிர்காலப் பயிர்) 1.5, மஞ்சள் வாழை மாதிரி தோட்டக்கலைக்கு 5 சதவீதம் பிரீமியம். போடுங்க, ஆனா நிறைய பயிருக்கு அது உங்க காட்டைப் பாக்கறதில்ல, ஊர் பூரா சராசரி விளைச்சல் கொறஞ்சாத்தான் பணம். உங்க காட்டுல மட்டும் பன்னி புகுந்தா அதுக்குப் பணம் வருமான்னு போடறப்பவே கேட்டுக்கோங்க.

வரில ஒன்னு பல பேருக்குத் தெரியாது. நிலத்துல விளைஞ்சதை விக்கற வருமானத்துக்கு வருமான வரி இல்ல, சரி. ஆனா பால் வருமானம் விவசாய வருமானம் இல்ல, அது வியாபாரக் கணக்கு. நாலு மாட்டுக்கு ஒன்னும் வராது, ஆனா வீட்டுக்காரம்மாவோ நீங்களோ இன்னொரு சம்பளத்துல இருந்தா ஆடிட்டர்கிட்ட இதையும் சொல்லுங்க, விவசாய வருமானத்தையும் காட்டணும், மத்த வருமானத்துக்கு எந்த ஸ்லாப்னு பாக்கறப்ப அதைச் சேத்துத்தான் பாப்பாங்க.

8. ஆளும் மெஷினும்

ஆள் இல்லைங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. நான் கத்துக்கிட்டது ஒன்னுதான், கூலிய சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கையில குடுத்துரணும், "திங்கக்கிழமை வாங்கிக்கோ"ன்னு ஒரு தடவ சொன்னா அடுத்த வாரம் அவங்க வேற காட்டுக்குப் போயிருவாங்க, போறதுதான் நியாயமும். பதினோரு மணி டீயும் வடையும் கூலில சேராது, அது தனி.

டிராக்டர் வாங்காதீங்க. அஞ்சு ஏக்கருக்கு டிராக்டர்ங்கறது கடன்ல வாங்குன சிங்காசனம். உழவன் ஆப்ல வேளாண் பொறியியல் துறை வண்டி வாடகைக்குப் பதியலாம், கெடைக்காட்டி ஊர்ல மணிக்கணக்குல வரும். களை எடுக்கற பவர் வீடரும் புல்லு புதர் வெட்டற பிரஷ் கட்டரும் மட்டும் சொந்தமா வாங்குங்க, ரெண்டுக்கும் மானியம் இருக்கு. புல்லு நறுக்கற மெஷின் மாடு வாங்கறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க, வாங்கறப்ப அதுக்கு மூடி இருக்கான்னு பாருங்க, அதுல கை போனவங்க எங்க ஊர்லயே ரெண்டு பேரு.

கடைசியா நாள் கணக்கு. வேலைய விடறேன்னு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வருசக் குடும்பச் செலவு கையில இருக்கணும், தோட்டத்துக்குப் போடறது அது போக. முடிஞ்சா தையில ஊருக்கு வாங்க: மஞ்சள் வெட்டறதை, வேக வைக்கறதை, ஏலத்துல நிக்கறதை ஒரு சுத்து கண்ணால பாத்துரலாம். மாசி பங்குனில பட்டா, சர்வீஸ் வேலை. விதை மஞ்சளை வெளியில தேடாதீங்க, பக்கத்துக் காட்டுல அழுகல் இல்லாம வெட்டறப்பவே நின்னு பாத்து, அட்வான்ஸ் குடுத்து, பேர் எழுதி வச்சுட்டு வந்துருங்க, சித்திரைல போனா கெடைக்காது.